ஆனி டீச்சர் வாங்கப் போன கார்

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்தவள் ஆனி. சொகுசுக் கார் வாங்க வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு வந்தது, ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம்தான். அதுவரைக்கும் கார் என்றால் அவளுக்கு வீட்டு வாசலில் நின்ற சின்னக் கார்தான். அதை அவளே ஓட்டுவாள். கண்ணாடியை ஏற்றினாலும் இறக்கினாலும் தெருச் சத்தம் ஒரே அளவில்தான் உள்ளே வரும். போதாக்குறைக்கு டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு திருகு கழன்று கிடந்து, பிரேக் போடும்போதெல்லாம் கிலுகிலுப்பை மாதிரி ஆடும்.

பிரிவு உபசார விழா முடிந்ததும், மாலையும் சால்வையும் சுவர்க் கடிகாரமுமாக நின்ற ஆனியைத் தாளாளர் தன் காரிலேயே வீட்டுக்கு அனுப்பி வைத்தார். டிரைவர் கதவைச் சாத்தினார். 'தப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கேட் பக்கம் நின்று கையசைத்த பிள்ளைகளின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்து உறுமிக்கொண்டு போயிருக்க வேண்டும், அந்தச் சத்தமும் வரவில்லை. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் மேஜையைத் தட்டித் தட்டி, "சைலன்ஸ்! சைலன்ஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒன்று, ஒரு கதவைச் சாத்தினால் கிடைத்துவிடும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"தம்பி, பீச் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமா?" என்று டிரைவரைக் கேட்டாள்.

ஒரு சுத்து, மூன்று சுத்து ஆயிற்று. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் காது அடைத்தது. மாடி ஃப்ளாட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் டிவி விவாதத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே ஐந்தாவது ஆளாக அவள் புருஷன் பவுல்சாமி உட்கார்ந்து, அவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை பார்த்து அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அந்த டிவி ஓயவில்லை.

"என்னங்க, நாம ஒரு பெரிய கார் வாங்கலாம்."

"யாரு போயிட்டாங்க?"

"பெரிய காரு! பெரிய காரு வாங்கலாம்னேன்!"

பவுல்சாமி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது அபூர்வம். "எதுக்கு? நம்ம கார் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுறதுக்கு இல்லங்க. உக்கார்றதுக்கு."

அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. ஆனால் ஆனி ஒன்றை நினைத்துவிட்டால் விடை வரும்வரை விடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வாரம் மூக்குக் கண்ணாடியும் செல்போனுமாக உட்கார்ந்து அலசிவிட்டு அவரே வந்து நிலவரம் சொன்னார். புதுசு என்றால் நினைத்தே பார்க்க முடியாது. பழைய கார்தான். அதிலும் ஒரு சிக்கல். ஆனி கையில் வைத்திருந்த தொகைக்கு, வயசான பெரிய வண்டி ஒன்று கிடைக்கும். அல்லது அதே கம்பெனியின் குட்டி வண்டி, இளசு, கிடைக்கும்.

"ரெண்டும் ஒரே விலையா?"

"ஒரே விலைதான். ஒண்ணு, ஒரு காலத்துல ராஜா. இன்னொண்ணு, இப்போதைக்கு மந்திரி. நாம மந்திரியையே எடுப்போம், ஆனி. ராஜாவுக்கு வைத்தியம் பார்த்து மாளாது."

முதலில் மந்திரியைப் பார்க்கப் போனார்கள்.

தி.நகரில் ஜி.என். செட்டி ரோட்டை ஒட்டி இருந்த அந்தப் பழைய கார் ஷோரூமில் கார்கள் நகைக்கடை நெக்லஸ் மாதிரி விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தன. வர்ஷினி என்று ஒரு பெண் வந்து வரவேற்றாள். கையில் டேப்லெட், காதில் ஒரு வெள்ளைக் குமிழ், முகத்தில் கலையாத சிரிப்பு. வெள்ளை நிறத்தில் நின்ற வண்டியைக் காட்டி, குதிரைத்திறன், இழுவைத்திறன், ஏழு ஏர்பேக் என்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். ஆனி எல்லாவற்றையும் பரீட்சை மேற்பார்வைக்கு நின்றவள் போலக் கேட்டுவிட்டு, "நீங்க எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள்.

'தப்.'

நல்ல சத்தம். தாளாளர் வண்டி அளவுக்கு இல்லை, ஆனால் நல்ல சத்தம். கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே வர்ஷினி பவுல்சாமியிடம், "மேடம் ப்ரேயர் பண்றாங்களா சார்?" என்று கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

ஓட்டிப் பார்க்கலாம் என்று சாலைக்கு இறங்கியதும்தான் வினை ஆரம்பித்தது. பெல்ட் போடும் முன்பே வண்டி 'டிங் டிங்' என்றது. பெல்ட் போட்டாள். பாண்டி பஜார் பக்கம் திரும்பினாள். இடது பக்கம் ஒரு ஆட்டோ உரசினாற்போல வந்தது. 'பீப்.' வலது பக்கம் ஒரு ஸ்கூட்டர். 'பீப் பீப்.' முன்னால் ஒரு அம்மாள் இரண்டு கட்டைப் பையோடு குறுக்கே நடந்தார், 'பீபீபீபீ' என்று வண்டி அலறிச் சிவப்பு விளக்கைக் காட்டியது. பனகல் பார்க் வருவதற்குள் அது ஓயாமல், பிள்ளையைத் தொலைத்த தாய் மாதிரி கத்திக்கொண்டே வந்தது.

"இது எதுக்குக் கத்துது?"

"சேஃப்டி மேடம். பக்கத்துல ஏதாவது வந்தா சொல்லும்," என்றாள் பின்சீட்டிலிருந்து வர்ஷினி.

"தி.நகர்ல பக்கத்துல எதுவும் வராத நேரம்னு ஒண்ணு உண்டாம்மா?"

அந்தச் சமயம் பார்த்துத் திரையில் ஒரு காபிக் கோப்பைப் படம் தோன்றியது. வர்ஷினி கொஞ்சம் சங்கடத்தோடு, "நீங்க டயர்டா இருக்கீங்க, ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லுது மேடம்," என்றாள்.

"இப்பதாம்மா ரிடையர் ஆயிருக்கேன். அதுக்குள்ள இதுவும் வீட்டுக்குப் போன்னுதே."

பவுல்சாமிக்கோ வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்கு ஒரு போன் வந்து "ஹலோ" என்றதும், வண்டி தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, இனிமையான பெண் குரலில், என்ன உதவி வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டு, இன்று மழை வருமா, சாந்தோமுக்கு எத்தனை தூரம், பெட்ரோல் என்ன விலை என்று அதனோடு பேச ஆரம்பித்துவிட்டார். அது ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிற்று.

"எவ்ளோ பொறுமை பாத்தியா ஆனி? குறுக்க ஒரு வார்த்தை பேசல."

ஷோரூமுக்குத் திரும்பி இறங்கியபோது ஆனிக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ராஜாவைப் பார்க்க அடையாறு போனார்கள்.

காந்தி நகரில் ஒரு பழைய தனி வீடு. சொந்தக்காரர் ஸ்ரீரங்கன் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குக் குடிவந்தவர். பெரிய கம்பெனி ஒன்றில் நிதி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், மேலே இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. வாசலிலேயே எதிர்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ. யார் ஓட்டப் போறா? நீங்களா டீச்சர்? நல்லது. ஆம்பிளைகள் ஓட்டினா கிளட்ச் இல்லாத வண்டியிலயும் காலால தேடுவா. வண்டியை எங்க நிறுத்துவேள்? வெயில்லயா, நிழல்லயா? காக்கா இருக்கற மரமா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்வது போல இருந்தது. பவுல்சாமி, "மரமே இல்ல சார்," என்றார். ஸ்ரீரங்கன் அவரைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஷெட்டின் திரையை விலக்கினார்.

கருப்பு வண்டி. நீளமோ நீளம். வயசு பதினைந்துக்குக் குறையாது. ஆனால் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. தோல் இருக்கை, மரப்பலகை வேலைப்பாடு, முன்சீட்டில் மடித்து வைத்த நாலைந்து நாள் செய்தித்தாள். ஆனி ஏறிக் கதவை இழுத்தாள். அது கொஞ்சம்தான் நகர்ந்தது. மீதியை வண்டியே இழுத்துச் சாத்திக்கொண்டது.

இது 'தப்' இல்லை. 'ம்' என்று ஒரு சத்தம். யாரோ பெரிய மனிதர் சரி என்று தலையாட்டினாற்போல. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. தன் மூச்சு தனக்குக் கேட்டது ஆனிக்கு.

பிறகு பின் கதவு திறந்து ஸ்ரீரங்கன் ஏறிக்கொண்டார்.

"போலாம் டீச்சர். மொதல்ல மெதுவா. இவளுக்கு அவசரம் பிடிக்காது. இவளுக்கு ஸ்பிரிங் கெடையாது, தெரியுமோ? நாலு பக்கமும் காத்துப் பை. காத்துலதான் மிதக்கறா. இப்ப லெஃப்ட். லெஃப்ட்னா சட்டுனு இல்லை, அப்படியே வழிச்சுண்டு..."

திரு.வி.க. பாலம் தாண்டும்வரை நிறுத்தவில்லை. பட்டினப்பாக்கம் தாண்டும்போதும் நிறுத்தவில்லை. வண்டியை எந்த வருஷம் வாங்கினார், திருப்பதிக்கு எத்தனை தடவை போனார், எந்த மெக்கானிக் என்ன பொய் சொன்னான். வெளிச்சத்தம் ஒரு துளி வராத வண்டியில் அவர் குரல் ஒலிபெருக்கி வைத்ததுபோல் முழங்கியது. பவுல்சாமி விடுவாரா? திருப்பதி மலைப்பாதையைப் பற்றி அவரும் தன் பங்குக்கு எடுத்துவிட்டார். வெள்ளை வண்டியே தேவலையோ என்று ஆனி நினைத்தாள்.

லூப் ரோட்டில் நொச்சிக்குப்பம் பக்கம் வரும்போது திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்ரீரங்கனின் பேச்சு நின்றது.

"ஓரமா... ஓரமா நிறுத்துங்கோ."

ஓரமாக நிறுத்தினாள். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட பெருமூச்சு. முதலில் முன்பக்கம் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பின்பக்கமும் தாழ்ந்தது. ஒட்டகம் உட்காருவது போல வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லை. இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்கோ டீச்சர், நீங்க எறங்க வேண்டாம். சித்த நேரம் ஓடிண்டிருந்தா தானே எழுந்துப்பா," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீரங்கன் இறங்கினார். பவுல்சாமியும் இறங்கினார். வேடிக்கை என்றால் அவருக்கு விட மனசு வராது. இரண்டு கதவுகளும் மூடின. 'ம்.' 'ம்.'

ஆனி தனியாக உள்ளே.

வலது பக்கம் கடல் முழுசாகத் தெரிந்தது. அலை வந்து உடைந்தது, சத்தம் இல்லை. கட்டுமரத்துக்குப் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் எதற்கோ சண்டை போட்டார்கள், சத்தம் இல்லை. குளிர்காற்று முகத்தில் படும்படி திருப்பி வைத்துக்கொண்டு அவள் இருக்கையில் சாய்ந்தாள்.

முன் கண்ணாடி வழியாக ஒரு ஊமை நாடகம் தெரிந்தது. சாலையோரத்தில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்தாள். இடுப்பில் கை வைத்து வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்ரீரங்கனிடம் ஏதோ கேட்டாள். ஸ்ரீரங்கன் இரண்டு கையையும் விரித்துக் காற்றுப் பை, குழாய், கம்ப்ரஸர் என்று அபிநயம் பிடித்தார். அவள் சிரித்தாள். அவர் கோபித்துக்கொண்டார். பவுல்சாமி நடுவில் புகுந்து இருவருக்கும் ஏதோ சொன்னார்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு பவுல்சாமி சொல்லித்தான் ஆனிக்குத் தெரியும். அந்தப் பெண்மணி பெயர் தேவானை. "இன்னா நைனா, வண்டி குந்திக்கினு கீது?" என்று கேட்டிருக்கிறாள். ஸ்ரீரங்கன் காற்றுப் பை விவரத்தைச் சொன்னதும், "இம்மாம் பெரிய வண்டிக்கு பலூன் கட்டியா வுட்டுருக்கானுங்க?" என்றிருக்கிறாள். அதோடு நில்லாமல், "வண்டி எழுந்துக்கற வரைக்கும் சும்மாத்தானே கீது," என்று தன் வஞ்சிரக் கூடையைத் தூக்கி, கைக்கு எட்டும் உயரத்துக்கு வாகாக இறங்கி நின்ற பானெட்டின் மேல் வைத்துவிட்டாள்.

ஆனி பார்த்தது இவ்வளவுதான்: கூடை பானெட்டில் அமர்ந்தது. ஸ்ரீரங்கன் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். திருமண் போட்ட நெற்றியில் வேர்வை. கூடையை எடுக்கச் சொல்லி அவர் தூரத்திலிருந்தே கையால் விரட்டினார், கூடை என்ன காக்காயா? அதற்குள் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நிறுத்தி விலை கேட்டார். பின்னாலேயே இன்னொருவர். தேவானை பானெட் மேலேயே ஒரு மீனைப் புரட்டிச் செவுளைத் தூக்கிக் காட்டினாள். பவுல்சாமியும் குனிந்து ஒரு மீனின் கண்ணைச் சோதித்தார்.

ஆனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள். யாருக்கும் கேட்காது என்பதால் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, கடலைப் பார்த்தபடியே எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

பவுல்சாமி கண்ணாடியைத் தட்டி எழுப்பியபோது, வண்டியை ஏற்றிப் போகும் லாரி வந்து நின்றது. வண்டி எழுந்திருக்கவில்லை. ஸ்ரீரங்கன், உறவுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறவர் போல லாரி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பவுல்சாமி கையில் ஒரு பையில் வஞ்சிரம் இருந்தது.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது பவுல்சாமிதான் பேசினார். "நல்லதாப் போச்சு. வாங்கறதுக்கு முன்னாடியே படுத்துக்கிச்சு. நாளைக்கே அந்தப் பொண்ணு வர்ஷினிக்குப் போன் போட்டுரலாம்."

"நான் கருப்புதாங்க எடுக்கப் போறேன்."

"ஆனி! அது ஓடாது!"

"ஓடலைன்னா இன்னும் நல்லது. நீங்க எல்லாரும் எறங்கிடுவீங்க."

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனாலும் பவுல்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. அன்று ராத்திரி வஞ்சிரம் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, டிவியே போடாமல் படுக்கப் போனார். ஆனிக்கு மனசு கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் அவளே டிவியைப் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்துவிட்டு வந்தாள். அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார்.

வண்டிக்குக் காற்றுப் பை மாற்றி முடிந்தது என்று ஸ்ரீரங்கன் போன் செய்ததும் இருவரும் பேசி முடிக்க காந்தி நகருக்குப் போனார்கள். இந்தத் தடவை கதவைத் திறந்தது ஸ்ரீரங்கன் மனைவி ரத்னா. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க எடுத்துண்டு போனா எனக்குப் புண்ணியமாப் போகும். விக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னதே நான்தான்."

"ஏங்க, செலவு வைக்குதா?"

"செலவு கெடக்கட்டும். இவர் அந்த வண்டியை ஓட்டறதே இல்லை. கார்த்தால டிபன் ஆனதும் பேப்பரை எடுத்துண்டு ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள்ள உக்காந்துப்பார். கதவைச் சாத்திண்டுடுவார். மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் போய்க் கண்ணாடியைத் தட்டணும். கேஸ்காரன், தண்ணி கேன், மருமகளோட வீடியோ கால், அத்தனையும் நான் ஒருத்தி. கேட்டா, உள்ள நிம்மதியா இருக்குங்கறார். அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?"

ஆனி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். விலையைப் பேசி, சாவியை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக, யாராவது ஒன்று புரியவில்லை என்றால் எழுந்துபோய்ப் புரியவைத்தே பழகிவிட்டவள்.

"நீங்க உள்ள உக்காந்து பாத்ததே இல்லையா?"

"ஏன் இல்லை, கோயிலுக்கு, கல்யாணத்துக்குன்னு எவ்வளவோ போயிருக்கேன். இவர் பேசிண்டே வருவார்."

"அது இல்லங்க. சும்மா. தனியா."

ரத்னா இல்லை என்று தலையாட்டினாள். "வாங்க," என்று ஆனி எழுந்தாள்.

இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போனார்கள். ரத்னாவை முன்சீட்டில் உட்கார வைத்து, ஆனி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனைக் கோயிலில் ஒலிபெருக்கி. எங்கேயோ ஒரு நாய். ரத்னா கதவை இழுத்தாள்.

'ம்.'

மிக்ஸி போயிற்று. கோயில் போயிற்று. நாய் போயிற்று.

ரத்னா இருக்கையில் நன்றாகச் சாய்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டாள். ஆனி அவள் பக்கம் திரும்பவில்லை. ஷெட்டுக்கு வெளியே ஸ்ரீரங்கனும் பவுல்சாமியும் வந்து நின்றார்கள், எட்டிப் பார்த்தார்கள், கையால் என்ன என்று கேட்டார்கள். கொசு கடிக்க, இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் காலைத் தட்டிக்கொண்டார்கள். தண்ணி கேன் போடுகிறவர் கேட்டருகே நின்று மணியடித்தது கண்ணாடியில் தெரிந்தது. ரத்னா அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கன்தான் கேட்டுக்கு ஓடினார்.

ரொம்ப நேரம் கழித்து ரத்னா பேசினாள். "டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்கோ."

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஆனிக்குத் தெரிந்துவிட்டது.

"இத்தனை வருஷம் இதை இவர் ஒருத்தரே வெச்சுண்டிருந்திருக்கார், பாருங்கோ."

"விக்கலையா?"

"விக்கலை."

ஆனிக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. யார் அவளை வாயைத் திறக்கச் சொன்னது? கையில் இருந்ததை ஊதிப் பறக்கவிட்டது அவளேதான். ஆனால் இறங்கும்போது ரத்னாவின் முகத்தைப் பார்த்தாள். விடை சரியாக வந்த பிள்ளையின் முகம். இதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

வாசலில் பவுல்சாமி வருத்தமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். "ச்சே, கைக்கு எட்டினது..." என்று ஆரம்பித்து, தெருமுனை திரும்புவதற்குள், "அந்த வெள்ளை வண்டி இன்னும் இருக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

இருந்தது. வர்ஷினியின் சிரிப்பும் அப்படியே இருந்தது. ஆனி சுற்றி வளைக்கவில்லை. "இந்த வண்டியோட வாயை மூட முடியுமாம்மா?"

"எது மேடம், பீப் சவுண்டா? ஆஃப் பண்ணலாமே. நீங்க கேக்கவே இல்லையே!"

திரையில் நாலு இடத்தில் விரலால் தொட்டாள். பக்கவாட்டு எச்சரிக்கை போயிற்று. பார்க்கிங் பீப் போயிற்று. காபிக் கோப்பை போயிற்று. பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். அது நியாயம்தான் என்று ஆனி ஒத்துக்கொண்டாள்.

"அந்தப் பேசுற பொண்ணு?" என்றார் பவுல்சாமி, அவசரமாக.

"அது வேணும்னா வெச்சுக்கலாம் சார்."

"வேணும்."

ஆனி மறுபடி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். கருப்பு வண்டியின் அமைதி ஆழக் கிணற்று அமைதி. இது அவ்வளவு ஆழம் இல்லை. ஜி.என். செட்டி ரோட்டுப் பேருந்தின் ஹாரன் தூரத்தில் யாரோ தும்மினாற்போலக் கேட்டது. ஆனால் இது எழுந்து நிற்கும். பிரேக் போட்டுப் பார்த்தாள், எதுவும் கிலுகிலுக்கவில்லை. இறங்கி வந்து, "எடுத்துக்கறோம்," என்றாள்.

வண்டி வந்து ஒரு மாசம் இருக்கும். காலையில் பவுல்சாமி தினத்தந்தியை விரிக்கும் நேரத்தில் ஆனி சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஸ்ரீரங்கன் போன் செய்தார். குரல் ஒடுங்கியிருந்தது.

"டீச்சர், நீங்க என் வாழ்க்கையையே கெடுத்துட்டேள்."

"என்ன ஆச்சு சார்?"

"டிபன் ஆனதும் அவ போய் உக்காந்துக்கறா. கதவைப் பூட்டிக்கறா. தண்ணி கேன், கேஸ்காரன் எல்லாம் நான்தான். நேத்திக்கு மருமகளுக்கு ரசப்பொடி அளவு சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேனாம். எனக்கு ஒரு பேப்பர் படிக்க இடம் இல்லை, டீச்சர். உங்க வண்டி சும்மா நிக்கற நேரம்னு ஏதாவது உண்டா?"

ஆனி ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தாள். சும்மா நிற்கிற நேரம் என்று எதையும் அவள் விட்டு வைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலைல நாங்க பூசைக்குப் போவோம். வண்டி சர்ச் காம்பவுண்டுல நிக்கும். அப்போ வேணும்னா வந்து உக்காந்துக்கோங்க."

சொன்ன நேரத்துக்கு முன்பே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். கக்கத்தில் இங்கிலீஷ் பேப்பர், ஞாயிறு இணைப்புகளோடு. சாவியை வாங்கிக்கொண்டு, டயரை ஒரு பார்வை பார்த்து, "காத்து சரியா இருக்கு," என்று சான்று கொடுத்துவிட்டு உள்ளே ஏறினார்.

பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு ஆனி இடத்துக்குத் திரும்பும்போது, சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்தார். "டீச்சர், உங்க கார்ல யாரோ நாமம் போட்ட பெரியவர் கதவைச் சாத்திக்கினு உக்காந்திருக்காரு. தட்டினேன், தெறக்க மாட்டேங்கறாரு. போலீஸைக் கூப்பிடவா?"

"வேணாம் அண்ணே. தெரிஞ்சவர்தான். படிக்கிறாரு."

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். ஆட்டோக்காரர்கள் கூவினார்கள். நெடுஞ்சாலையில் அத்தனை ஹாரனும் ஒன்றாகக் கேட்டது. வெயிலில் ஆனி வண்டியருகே போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

உள்ளே ஸ்ரீரங்கன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"ஒரு நிமிஷமாம்," என்றார் பவுல்சாமி.

"எனக்கும் கண்ணு தெரியுது," என்று ஆனி புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.